மேலத்தெரு மோட்டார்களும் மக்களாட்சியும்

ஒன்பதாம் வகுப்புக்கு மக்களாட்சிப் பாடம் நடத்துகிற வேலை எனக்கு. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் நிறைகள், அந்தப் பக்கம் குறைகள் என்று எழுதிப் போடுவேன். பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதிக்கொள்வார்கள். தேர்வில் நிறைகளை எல்லாம் எழுதிவிட்டுக் குறைகளைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் மச்சான் அதற்கு நேர் எதிர். அவருக்குக் குறைகள் மட்டும்தான் மனப்பாடம்.

மச்சான் என்றது என் மனைவியின் அண்ணனை. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரிலேயே நான் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் செய்த ஏற்பாடு அது. ஊர்க்காரர்கள் கணக்கில் நான் வீட்டோடு மாப்பிள்ளைதான். அதனால் ஊர் விவகாரங்களில் என்னை யாரும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பதில்லை. வேடிக்கை பார்க்க வேண்டாம் என்றும் சொல்வதில்லை. எனக்கு இந்த நிலைமை ஒத்துப்போய்விட்டது.

மச்சானிடம் ஒரு குட்டி யானை இருக்கிறது. சின்னச் சரக்கு வண்டியைச் சொல்கிறேன். காலையில் தக்காளியும் பீன்சும் ஏற்றிக்கொண்டு மாரண்டஹள்ளி மண்டிக்குப் போவார். சில நாள் ஒசூர் வரைக்கும் ஓட்டுவார். முன் சீட்டில் நான் தொற்றிக்கொள்வேன். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுகிறவரை எங்களுக்குள் நடப்பது ஒரே வழக்கு. மக்களாட்சி நாட்டுக்கு உருப்படியான ஏற்பாடா, இல்லையா?

"மாப்ள, நீங்க மண்டிக்குள்ள வந்து பாத்துருக்கீங்களா? அத்தன பேரு தக்காளியோட நிக்கறோம். மண்டிக்காரரு ஒருத்தரு. அவரு சொன்னா சொன்னதுதான். பள்ளிக்கூட மணி அடிக்கறதுக்குள்ள மண்டி காலி. இதையே எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுங்கன்னு வுட்டுப் பாருங்க. தக்காளி அழுகி ரோட்டுல ஓடும்."

"அவரு உங்களை ஏமாத்துனா என்ன பண்ணுவீங்க?"

"வேற மண்டிக்குப் போயிருவேன்."

"அரசாங்கத்துக்கு வேற மண்டி எங்க இருக்குது மச்சான்? அதுக்குத்தான் ஓட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்குது."

பதில் கிடைக்காதபோது மச்சான் ஹாரன் அடிப்பார். சாலையில் ஆடு மாடு எதுவும் இருக்காது. நானும் விடாமல் வாதாடுவேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. வாத்தியார் என்பதால் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடி வேலைக்குப் போய் வருகிறவன் நான். முதல்நாளே பெட்டி படுக்கையோடு போய், குளிக்கத் தண்ணீர் இல்லாத கட்டடத்தில் பெஞ்சை ஒட்டிப் போட்டுப் படுத்து, மறுநாள் முழுக்க விரல் விரலாய் மை வைக்கிறவனுக்கு மக்களாட்சி சமையல்கட்டுப் பக்கத்திலிருந்துதான் தெரியும். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வழக்கு இப்படி வாய்ப்பேச்சாகவே ஓடிக்கொண்டிருந்தது, போன உள்ளாட்சித் தேர்தல் வருகிறவரை.

எங்கள் ஊரில் இரண்டு தெரு, இரண்டும் சேர்ந்து ஒரே வார்டு. மேட்டில் இருப்பது மேலத்தெரு. விவசாயக் குடும்பங்கள், பெரும்பாலும் ஒருவருக்கொருவர் பங்காளிகள். மச்சான் வீடும் என் வீடும் அங்கேதான். சரிவில் இறங்கினால் கீழத்தெரு. அங்கே பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் கலந்து இருப்பார்கள். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். தொட்டி மேலத்தெரு முனையில் இருக்கிறது. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் ஊரில் அது மேட்டிலேயே நின்றுவிடும். காரணம், மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். கீழத்தெருக் குழாயில் காற்று வரும். என் வீட்டில் மோட்டார் இல்லை. போர்வெல் இருந்ததால் அவசியம் வரவில்லை. அதை நல்லொழுக்கக் கணக்கில் சேர்க்க முடியாது.

கீழத்தெருவில் இரண்டு கறவை மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற ஒரு பெண் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். மாடுகளுக்கான தண்ணீரை அந்த அம்மா காட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். சுமந்து சுமந்து ஒரு பக்கத் தோள் தூக்க முடியாமல் போய்விட்டது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒரு மாட்டை விலைக்குப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று சொசைட்டியில் சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தல் அறிவிப்பு வந்ததும் வார்டு மெம்பருக்கு நிற்பதாக மனுப் போட்டார். அவருக்கு வேறு கொள்கை எதுவும் கிடையாது. மேலத்தெரு மோட்டார்களை எடுக்க வேண்டும், தன் மாடு தன் கொட்டகையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் மனுப் போட்டிருந்தார்கள். ஒருவர் ஊரே பெரியவர் என்று கூப்பிடுகிற ஒரு பெரிய விவசாயி. இன்னொருவர் அவருக்கு மகன் முறை ஆகிற பங்காளி, சிமெண்ட் கடை வைத்திருப்பவர். அவரைச் சின்னவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் நின்றால் தெரு இரண்டாகப் பிளக்கும், கல்யாணம் காட்சிக்குப் போக வர இருக்க முடியாது என்று எல்லோருக்கும் பயம். அதனால் மாரியம்மனிடம் பூக் கேட்பது என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் பக்கம் இது பழக்கமான காரியம்தான். பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று எதற்கும் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி பெரியவருக்கு, சிவப்பு அரளி சின்னவருக்கு. ஒரே மாதிரி இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார்கள். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு வந்தது. பெரியவர் உடனே கும்பிட்டு, "ஆத்தா சொல்லிட்டா, அதுக்கு மேல என்ன?" என்றார். கூட்டம் கலைந்துவிட்டது.

மறுநாள் வண்டியில் மச்சானைப் பிடிக்க முடியவில்லை.

"பாத்தீங்களா மாப்ள? மைக் செட்டு இல்ல, சண்ட சச்சரவு இல்ல. பொட்டலத்தப் பிரிச்சோம், முடிஞ்சு போச்சு."

"கீழத்தெருல ஒரு அம்மா நிக்கறாங்களே, அவங்களுக்கு ஒரு பூவு போட்டீங்களா?"

"அவங்க மாதா கோயிலுக்குப் போறவங்க. அவங்கள மாரியம்மன் முன்னால கூப்புட்டா நல்லாவா இருக்கும்?"

"ஓட்டுப் போடறவங்கதான அவங்களும்?"

"போடட்டுங்க, யாரு வேண்டாங்கறது? நின்னாலும் அவங்க தெரு ஓட்டுதான் வுழும். நம்ம தெருதான் பெருசு" என்று சொல்லி ஹாரன் அடித்தார்.

இந்த இடத்தில் எங்கள் பங்காளிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் முதல் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டு வந்து ஒருவரிடம் நீட்டினால் அவர் வாங்கமாட்டார். "அவருக்குக் குடுங்க" என்று அடுத்தவரைக் காட்டுவார். அடுத்தவர், "அவரு இருக்கறப்ப நானா?" என்று திருப்பி அனுப்புவார். தட்டு இரண்டு மூன்று தடவை போய் வந்த பிறகுதான் யாராவது வேண்டா வெறுப்பாக வாங்குவதுபோல வாங்குவார்கள். உண்மையில் எல்லோருக்கும் அது வேண்டும். நீட்டாமல் விட்டுவிட்டால் ஏழெட்டு வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. ஆனால் நீட்டிய உடனே வாங்கிக்கொள்வது அல்பத்தனம்.

மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாளன்று நான் பாலக்கோட்டில் தேர்தல் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் காலையில் பெரியவர், அம்மன் வாக்குப்படி ஒதுங்கிக்கொள்வதற்காக, யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ் பிடித்து ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்த் தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாலு பேர் பார்க்க ஒதுங்குவது அவருக்குக் கௌரவமாகப் படவில்லை. சின்னவர் வேறு மாதிரி யோசித்திருக்கிறார். பூ தனக்கு விழுந்துவிட்டது, அந்தப் பெருமை போதும்; பெரியப்பாவை ஒதுக்கிவிட்டுத் தான் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? பெரியப்பாவிடம் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அவர் கிளம்புவதற்கு முன்னால் தான் போய் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டால், அவர் நின்றுதானே ஆக வேண்டும்! பைக்கை எடுத்துக்கொண்டு குறுக்கு வழியில் போயிருக்கிறார். பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடையில் நின்ற நேரத்தில், சின்னவர் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

தாம்பூலத் தட்டு என்றால் திரும்பி வரும். வேட்புமனு திரும்பி வராது. சாயங்காலம் எங்கள் வார்டுக்கு ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது.

நான் ஊர் திரும்பியபோது மேலத்தெரு முனையில் பெரியவரும் சின்னவரும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம்.

"நீ ஏம்ப்பா வாங்குன? உனக்குத்தான பூ வுழுந்துச்சு?"

"நீங்க இருக்கறப்ப நான் எப்படிங்க பெரியப்பா?"

"அட, நான்தான் வாங்கிட்டன்ல?"

"அது எனக்குத் தெரியாதுங்களே."

அந்த நிலையிலும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவில்லை. சின்னவர் பேச்சில் ஒரு 'ங்க' குறையவில்லை. மச்சான் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ள வீட்டுக்குள் போய்விட்டேன்.

சிரிக்காத இன்னொரு ஆள் அந்தக் கீழத்தெரு அம்மா. இருட்டுவதற்குள் என்னைத் தேடி வந்தார்.

"சார், எலெக்சனே கெடையாதுங்களாம்?"

"ஆமாம்மா. போட்டியில்லாம நீங்க ஜெயிச்சாச்சு. நீங்கதான் மெம்பர்."

"அப்ப எனக்கு யாருமே ஓட்டுப் போட மாட்டாங்களா?"

"தேவையில்லைம்மா."

அவர் முகம் தெளியவில்லை. "நாலு ஓட்டாவது வாங்கியிருந்தா வாயத் தெறந்து பேசலாம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பதவி வந்ததில் சந்தோஷப்படாமல் இதற்கு எதற்குக் கவலைப்படுகிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. கவலைப்பட்டது சரிதான் என்று சீக்கிரமே தெரிந்தது. மெம்பரான பிறகு மேலத்தெருவில் வீடு வீடாகப் போய் மோட்டாரை எடுங்கள் என்று கேட்டார். எல்லா வீட்டிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மச்சான்தான் வாசலில் நின்று எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்: "உக்காருமா, காப்பி சாப்புடு. ஆனா ஒண்ணு கேக்கறன். நீ யாரு ஓட்டு வாங்கி வந்தவ? ஒரு ஓட்டு வாங்கல. நாங்க எதுக்கு உன் பேச்சக் கேக்கோணும்?"

ஓட்டே வேண்டாம் என்று இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய மனிதர் சொன்ன வார்த்தை இது. மறுநாள் வண்டியில் கேட்டேன். "அது வேற, இது வேற மாப்ள" என்றார்.

மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிப்படியே தப்பு. எடுக்க வைப்பதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. ஆனால் பஞ்சாயத்துத் தலைவருக்கும் மேலத்தெரு ஓட்டு வேண்டும். "கிராம சபையில வெச்சு ஊரு என்ன சொல்லுதுன்னு பாத்துக்கலாம்" என்று நழுவிவிட்டார். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்த பிறகு, சாமியானாப் பந்தலின் கீழ் கிராம சபை கூடியது. கீழத்தெருவிலிருந்து, நடக்க முடிந்த எல்லோரும் வந்திருந்தார்கள். அவ்வளவு பேர் ஒரு கூட்டத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா எழுந்து பேசினார். பேச்சு என்று சொல்ல முடியாது. "எங்க தெருவுக்குத் தண்ணி வரலீங்க. மோட்டார எடுத்தா வரும்ங்க. அதுக்குத் தீர்மானம் போடோணும்ங்க." இவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து மச்சான் எழுந்தார். அவர் இவ்வளவு அழகாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. மேலத்தெருவில் எத்தனை குடும்பம், எத்தனை மாடு, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று அடுக்கிவிட்டு, "யாருக்கும் யாரும் எதிரி இல்லீங்க. ஆனா நம்ம நாட்டுல பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுதான் நாயம். கை தூக்கச் சொல்லுங்க. எண்ணிப் பாத்துரலாம்" என்று முடித்தார். கைதட்டல் கிளம்பியது. எனக்குக் கோபம் வந்தது. கரும்பலகையில் நான் நிறைகள் பக்கம் எழுதுகிற வரியை எடுத்து அவர் இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினார் என்பதுதான் கோபம். தப்பாகவும் சொல்லவில்லை, அதனால் கோபம் இன்னும் கூடியது.

மோட்டார் இருக்கட்டும் என்பவர்கள் முதலில் கை தூக்கினார்கள். மேலத்தெரு மொத்தமும் தூக்கியது போல இருந்தது. எடுக்க வேண்டும் என்பவர்கள் அடுத்துத் தூக்கினார்கள். கீழத்தெருக்காரர்களோடு நானும் தூக்கினேன். வீட்டோடு மாப்பிள்ளை கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் பக்கத்தில் மேலத்தெருவிலிருந்து ஒரே ஒரு கை உயர்ந்திருந்தது. வளையல் போட்ட, மஞ்சள் கறை படிந்த கை. மச்சானின் மனைவி. எனக்கு அக்கா முறை.

மச்சான் அதைப் பார்த்தார். எண்ணுகிறவர் அந்தப் பக்கம் போய், அந்தக் கையையும் சேர்த்து எண்ணிக்கொண்டு நகர்ந்தார். தீர்மானம் தோற்றது. ஒரு கையால் ஒன்றும் மாறவில்லை. மச்சான் மட்டும் கூட்டம் முடிகிறவரை பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் நடந்ததை அக்காதான் பிறகு எங்கள் வீட்டில் சொன்னார். "தெரியாம தூக்கிட்டியான்னு கேட்டாரு. தெரிஞ்சுதான் தூக்குனேன்னு சொன்னேன். மோட்டார எடுத்தா நம்ம வூட்டுக்கும்தான் தண்ணி கொறையும்னாரு. கொறையட்டும்னேன். தெனம் சொசைட்டில அவ பக்கத்துல நிக்கறவ நானு. அந்தத் தோளோட அவ கேனத் தூக்கறதப் பாக்கறவ நானு. இவரா பாக்கறாரு?" என் மனைவி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு காலை வண்டியில் எங்கள் வழக்கு நடக்கவில்லை. மச்சானுக்கு வேறு வழக்கு வந்துவிட்டது. "மாப்ள, வூட்டுக்கு ரெண்டு குடம் கீழத்தெருவுக்குக் குடுத்தர்றோம், மோட்டாரு இருக்கட்டும்னு சொன்னா அவ ஒத்துக்குவாளா?" என்பார். "டைம் பிரிச்சு, பாதி நேரம் மோட்டாரு போடாம இருந்தா?" என்பார். ஒவ்வொரு நாளும் ஒரு யோசனையை அக்காவிடம் கொண்டுபோய் வைப்பதும், ராத்திரிச் சாப்பாட்டில் அது தோற்பதும், மறுநாள் என்னிடம் புலம்புவதுமாக இருந்தார். ஒரு ஓட்டுக்காக ஒரு மனிதன் இவ்வளவு அலைந்து நான் பார்த்ததில்லை. வாக்குச்சாவடி அனுபவத்தோடு சொல்கிறேன்.

இதற்கிடையில் வரவேண்டிய மழை வரவில்லை. காட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்த அம்மா ஒரு மாட்டை விற்க முடிவு செய்தார். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒருவர் விலை பேசியிருந்தார். கொண்டுபோய் விடுவதற்கு ஊரில் இருந்த வண்டி மச்சானுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் போயிருந்தேன். மாடு பலகையில் ஏற மறுத்து முரண்டு பிடித்தது. அந்த அம்மா கழுத்தைத் தடவி ஏதோ சொன்னார், ஏறிவிட்டது. பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் பார்த்தேன். இரண்டாவது மாடு கொட்டகையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "கிராம சபைன்னு போயிருக்கக் கூடாதும்மா. கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்திருந்தா ஒரே நாள்ல வந்து அத்தனை மோட்டாரையும் கழட்டியிருப்பாங்க. ஓட்டுன்னு விட்டதாலதான் தோத்துப் போச்சு" என்றேன். மச்சான் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மனு குடுத்தா அவங்களாப் பாத்து மனசு வெக்கோணும்ங்க சார். வெச்சா வருவாங்க, இல்லீன்னா இல்ல. இதுல நாங்க தூக்குன கைய எண்ணித்தான ஆகோணும்? எண்ணுனாங்கல்ல? தோத்தோம்தான், இல்லீங்கல. மாடும் போவுது. ஆனா எங்க தெருவ இத்தன வருசத்துல தோக்கறதுக்குக்கூட யாரும் சேத்துக்கிட்டதில்லீங்க."

மாடு போவதற்கு இது ஈடாகுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மச்சான் வண்டியின் பின்கதவைத் தூக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அடுத்த கூட்டத்துலயும் இதே தீர்மானத்தத்தான் கொண்டு வரப்போறேன்" என்றார் அந்த அம்மா அவரைப் பார்த்து. "அக்காவ அன்னிக்கு அனுப்பி வுடுங்கண்ணா. வேண்டாம்னு நிறுத்திப்புடாதீங்க."

மச்சான் கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். ஹாரன் பக்கம் போன கை பாதியில் நின்றுவிட்டது.

"நான் அனுப்பறது என்னம்மா இருக்குது?" என்றார். "அத அவளத்தான் கேக்கோணும்."